பூர்வீகம் என்னும் கட்டம்

கூடலூரிலிருந்து பந்தலூருக்குப் போகும் மலைப்பாதையை விட்டிறங்கி, தேயிலைச் செடிகளுக்கிடையே அரை மைல் நடந்தால் வருகிற ஒரு வரிசைக் குடியிருப்பில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், கட்டிலுக்கடியில் கிடந்த தகரப்பெட்டியை இழுத்துத் திறந்து, பழைய வேட்டித் துணியில் பொதிந்து வைத்திருந்த குடும்ப அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் காரியாலயத்தில் வழங்கப்பட்ட அட்டை அது. மடிப்புகள் தோறும் இற்றுப்போய், மை மங்கி, நான்கு துண்டுகளாகப் பிரியும் தறுவாயில் இருந்தது. கணவர், மனைவி, நான்கு குழந்தைகள் ஆகியோரின் பெயர்களும் வயதுகளும், இந்தியாவில் அவர்கள் போய்ச் சேரவேண்டிய ஊரின் பெயரும் அதில் எழுதப்பட்டிருந்தன. துறையூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே எத்தனை காலம் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"பதினேழு நாளுங்க," என்றார். "எங்க மாமனாரோட அப்பா பேரைச் சொல்லி வீடு வீடா விசாரிச்சோம். அப்படி ஒரு ஆளைக் கேள்விப்பட்டதே இல்லைன்னுட்டாங்க. அவங்க மேலயும் குத்தம் இல்லீங்க. நாலு தலைமுறை ஆச்சே."

1964க்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்களின் தொகை, இடையில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, நாலரை லட்சத்தைத் தாண்டும். சர்க்கார் ஏடுகள் இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று குறிப்பிடுகின்றன. கௌரவமான பெயர்தான், அகதி என்னும் சொல்லில் உள்ள இளக்காரம் இதில் இல்லை. எனினும் அவர்கள் அடைந்த துன்பங்களில் பெரும்பகுதி இந்தப் பெயரிலிருந்தே கிளைத்தது என்பது, அக்குடும்பங்களோடு பல நாள் இருந்து பேசிய பிறகு எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம். திரும்பி வருகிறவனுக்கு வீடு இருக்கும், உறவு இருக்கும், பாதை தெரியும். அவனுக்கு வழிச்செலவும் கொஞ்சம் கைமுதலும் கொடுத்தால் போதும். முன்பின் அறியாத ஒரு சீமைக்குப் பெண்டு பிள்ளைகளோடு குடிபெயர்கிறவனுக்கு வேண்டியவை வேறு. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்து, தமிழ்நாட்டைக் கண்ணாலும் காணாதவர்கள். அவர்கள் குடிபெயர்ந்து வந்தார்கள். அவர்களுக்கான ஏற்பாடுகளோ திரும்பி வருகிறவர்களுக்கென்று வகுக்கப்பட்டவையாக இருந்தன.

இவர்களுடைய முன்னோர் கடல் கடந்த வரலாற்றை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. 1820களில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் தோன்றியபோது திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து முன்பணம் கொடுத்து ஆள் திரட்டிய கங்காணிகளுடன் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, பருவம் முடிந்ததும் கையில் மிஞ்சிய காசோடு ஊர் திரும்புவது அவர்கள் வழக்கம். 1869இல் காப்பி இலையில் துருநோய் கண்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பயிரே அழிந்துபோக, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் என்று தனியாக ஒன்று கிடையாது. வாரத்துக்கொரு முறையோ பத்து நாளைக்கொரு முறையோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும். பெண்கள் வந்தால் பிள்ளைகள் உண்டு. பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய் மலைக்குப் போகப் பிள்ளைக்காம்பரா என்னும் குழந்தைக் காப்பகம் வேண்டும். இவ்வாறு ஒரு செடியின் சுபாவம் மாறியதனால், போய்வருகிற ஆண்களின் கூட்டமாக இருந்தது, தங்கி வாழும் குடும்பங்களின் சமூகமாயிற்று. அந்தச் சமூகத்துக்கு ஊர் என்பது தோட்டந்தான். வீடு என்பது லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் ஒரு காம்பராவும் (அறையும்) அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் (தாழ்வாரமும்). இந்தியாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'ஊருக்கு', 'அக்கரைக்கு' என்று சொல்லும் பழக்கம் தாத்தா வாயிலிருந்து பேரன் வாய்க்கு இறங்கி வந்திருந்தது. அந்த ஊரைப் பேரன் பார்த்ததில்லை.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட 18ஆம் இலக்கப் பிரஜா உரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் பிரஜா உரிமை கோரியும், சுமார் 1,34,000 பேருக்கே அது கிடைத்தது. எஞ்சியவர்களின் கதியைத் தீர்மானிக்க லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, 9,75,000 பேர் என்று ஒரு தொகையைக் குறித்துக்கொண்டு, அதில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் பதினைந்து ஆண்டுகளில் ஏற்பது என்றும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்றும் வகுத்தது. அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஜனங்களைக் கேட்டு எழுதப்பட்ட எண்கள் இவையல்ல. 1968 மேயிலிருந்து 1970 ஏப்ரல் வரை விண்ணப்பங்கள் பெறப்பட்டபோது, இலங்கையிலேயே இருக்க விரும்பியவர்களின் தொகை ஒதுக்கீட்டைப் போல் இரு மடங்காயிற்று. இந்தியாவைக் கோரியவர்களோ ஒதுக்கீட்டு எண்ணைக் கடைசிவரை எட்டவே இல்லை. தாயகம் எது என்று அந்த மக்களையே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

உடன்படிக்கை கையெழுத்தாகி எட்டு வாரங்கள் கூட முடியுமுன், டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நூறாண்டுப் போக்குவரத்தின் வாசலில் ஒன்றாயிருந்த துறைமுகம் மணலுக்கடியில் போயிற்று. தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் அதன் பிறகு இராமேஸ்வரத்தில் கரை தொட்டது. 'ராமானுஜம்' என்னும் அந்தக் கப்பலின் பெயரை இன்றும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் முதியவர்கள் ஓர் உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லக் கேட்கலாம்.

புறப்படுவதற்கு முந்திய மாதங்களே மிகக் கொடியவை என்று பலரும் சொல்கிறார்கள். வயது வந்த ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தபடியால், ஒரே காம்பராவில் பிறந்த அண்ணன் இலங்கையையும் தம்பி இந்தியாவையும் கோரினார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் ஒரு நாடாகவும் தாய் வீடு இன்னொரு நாடாகவும் ஆயின. இந்தியக் கடவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டால் ஒருவன் பிறந்த மண்ணிலேயே விசாவுக்கு உட்பட்டுத் தங்கும் அந்நியனாகிவிடுவான். 1973இலும் 1974இலும் உணவுத் தட்டுப்பாடு வந்து தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்ததும், 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் கைமாறிய காலத்தில் பல இடங்களில் வேலை குறைந்து தொழிலாளர் விரட்டப்பட்டதும், 1977இல் வன்செயல்கள் மூண்டதும், தயங்கி நின்றவர்களையும் கப்பலை நோக்கித் தள்ளின. பசுவையும் ஆட்டையும் வந்த விலைக்கு விற்றார்கள். லயத்துக்குப் பின்னால் தாங்கள் கொத்திப் பண்படுத்தியிருந்த காய்கறித் துண்டை யாராலும் விற்க முடியாது. அது தோட்டத்துக்குச் சொந்தம். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கணக்குப் பார்த்துக் கைக்கு வரும்வரை காத்திருந்தார்கள். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய பணத்தின் உச்சவரம்பு நாலாயிரம் ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்பது உடன்படிக்கையின் ஒரு ஷரத்து. நான்கு தலைமுறை உழைப்பின் தொகை அந்த அளவில் பேசப்பட்டது.

அந்த மூதாட்டியின் தகரப்பெட்டியில் குடும்ப அட்டைக்கு அடியில் இன்னும் சில பொருள்கள் இருந்தன. கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டும் கயிறு ஒன்று. இடுப்பில் கட்டும் படங்கின் கிழிசல். அக்கா எழுதிய கடிதங்கள், இலங்கைத் தபால் தலையோடு. இங்கே தேயிலை இருக்கிறதா என்று தெரியாமலே அந்தக் கயிற்றை ஏன் எடுத்து வந்தீர்கள் என்று கேட்டேன். "கைப்பழக்கம் ஆன சாமான் ஆச்சே, விட்டுட்டு வர மனசு வரல," என்றார். நாட்டார்வழக்குகளைத் தேடித் திரிகிறவர்கள் இந்தப் பதிலுக்குப் பல அர்த்தங்கள் சொல்லக்கூடும். எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். அவர் தம் தொழிலை எடுத்து வந்திருக்கிறார்.

கப்பலை விட்டிறங்கியதும் மண்டபம் முகாம். இதே முகாமில்தான், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இலங்கைக்குப் போகும் தோட்டத் தொழிலாளர்களை நிறுத்திவைத்து, நோய் இல்லையென்று நிச்சயித்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். தாத்தன் அம்மை குத்திக்கொண்டு போன கொட்டகைக்குப் பேரன் குடும்ப அட்டையோடு திரும்பினான். சில நாட்களோ வாரங்களோ அங்கு வைத்திருந்து, அட்டையில் கண்ட ஜில்லாவுக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மறுவாழ்வுத் திட்டம் அட்டையிலேயே குறிக்கப்பட்டிருந்தது. மிகப் பலருக்கு அது வியாபாரக் கடன் என்பதாக இருந்தது. ஐயாயிரம் ரூபாய் வரை கடன் பெற்று, பெட்டிக்கடையோ துணி வியாபாரமோ வைத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த யோசனை எங்கிருந்து பிறந்தது என்பதை ஆராய்ந்தால் ஒரு சுவையான உண்மை புலப்படும். அதே 1964ஆம் ஆண்டு முதல், பர்மாவில் நெ வின் ஆட்சி கடைகளையும் வர்த்தக ஸ்தாபனங்களையும் தேசியமயமாக்கியதால், தமிழர்கள் ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கடை நடத்தியவர்கள் உண்டு, கணக்கு எழுதியவர்கள் உண்டு, கொள்முதலும் விற்பனையும் அறிந்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கைமுதல் கொடுத்தால் அது முளைக்கும். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே எழுந்த பர்மா பஜார் அதற்குச் சாட்சி. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் பொருட்டு 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். பர்மாக்காரருக்குத் தைத்த சட்டையைச் சிலோன்காரருக்கும் போட்டுப் பார்த்தார்கள்.

தேயிலைத் தொழிலாளியின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று யாரேனும் ஒருவர் ஒரு வாரம் தோட்டத்தில் இருந்து பார்த்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது. விடியற்காலையில் தப்பு அடித்து எழுப்புவார்கள். பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். கொழுந்து எடுத்து, மடுவத்தில் நிறுத்து, இறாத்தல் கணக்குக்கேற்ப முழுப்பேரோ அரைப்பேரோ, அதாவது முழுநாள் கூலியோ அரைநாள் கூலியோ, விழும். அரிசியும் மாவும் தோட்டத்திலேயே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். நோய் கண்டால் தோட்ட மருந்துக்காரர். பிள்ளை பெற்றால் தோட்டத்து மருத்துவச்சி. பணம் என்பது மாதத்துக்கொருநாள் கைக்கு வந்து, அன்றே கடைக்காரனிடம் போய்விடும் ஒரு விருந்தாளி. வாங்கி விற்பதும், கடன் சொல்லி வசூலிப்பதும், பஞ்சாயத்து உத்தியோகஸ்தரைப் பார்த்துப் பேசி ஒரு கையெழுத்து வாங்குவதும் அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. ஒரு நூற்றாண்டுக் காலம் துரையும் கங்காணியும் அவற்றை அவர்கள் சார்பில் செய்தார்கள், அல்லது செய்யவிடாமல் தடுத்தார்கள். ஆனால் இதே மக்களிடம், எந்த வியாபாரியிடமும் இல்லாத நுண்ணறிவு ஒன்று இருந்தது. இரண்டு இலையும் ஓர் அரும்புமாக விரலிடுக்கில் கிள்ளும்போது, முற்றிய தண்டு கலவாமல் பார்க்கும் பார்வை. கவ்வாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் இழுத்தால் வெட்டு பிளவாமல் இருக்கும் என்னும் கணக்கு. சரிவில் மண் அரியாமலிருக்கக் கான் (வடிகால்) வெட்டும் முறை. பனி விழுந்த மறுநாள் செடியின் நிறத்தைப் பார்த்து அது பிழைக்குமா என்று சொல்லும் அனுபவம். புகையிலையும் பீடியும் அடுக்கிய பெட்டிக்கடைக்கு இந்த வித்தை எதற்கும் பயன்படாது.

விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. கடன் தொகை கைக்கு வருமுன் இடைத்தரகர்கள் அதில் பங்கு கண்டார்கள். வந்த தொகையில் சில மாதங்கள் அடுப்பெரிந்தது. புழுதியும் வெயிலும் அறியாத குழந்தைகளுக்குச் சமவெளியின் கோடை காய்ச்சலாயிற்று. கிணற்றுத் தண்ணீருக்குச் சாதி கேட்கிற கிராமங்கள் இருந்தன. இலங்கை லயத்திலோ எல்லாருக்கும் ஒரே பீலித் தண்ணீர். அந்த மூதாட்டியின் குடும்பம் பதினேழாம் நாள் கிளம்பிவிட்டது என்றால், அது யாரும் துரத்தியதால் அல்ல. அங்கே அவர்கள் கைக்கு வேலை இல்லை.

அப்புறம் தொடங்கியதுதான் உண்மையான குடியேற்றம். அதற்கு எந்தக் காரியாலயத்திலும் திட்டம் வகுக்கப்படவில்லை. நீலகிரியில் தேயிலை இருக்கிறது, குளிரும் நம்மூர்க் குளிர்தான் என்று முதலில் போன ஒருவர் எழுதிய கடிதம், முகாமில் பழகிய நண்பர் வாயாலும், ஒரே தோட்டத்து மாமன் மச்சான் வாயாலும், மண்டபத்துக்கும் திருச்சி கொட்டப்பட்டு முகாமுக்கும் பரவியது. குடும்பங்கள் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறின. கோத்தகிரிப் பக்கத்தில் படகர்கள் உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் விட்டுத் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. சிறு தோட்டக்காரர்களுக்குத் தேயிலை தெரிந்த கைகள் தேவைப்பட்டன. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் வந்தவர்கள், தோட்ட ஓரத்திலும் ஓடைக்கரையிலும் தகரமும் மண்ணும் வைத்துக் குடில் போட்டார்கள். கூடலூர், பந்தலூர், குன்னூர், வால்பாறை எங்கும் இதே கதை. சர்க்கார் ஜில்லா பார்த்து அனுப்பியது. ஜனங்கள் உயரம் பார்த்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படிப் போனவர்கள் எல்லாரும் நல்ல இடம் சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. கொடைக்கானல் மலைக் காடுகளில் வாட்டில் மரம் வெட்டிப் பட்டை உரிக்கும் குத்தகைக்காரர்களிடம் முன்பணம் வாங்கிப் போன குடும்பங்கள், அந்த முன்பணம் தீராமலே கொத்தடிமைகளாகக் கிடந்து, 1980களில் சமூக ஊழியர்களின் முயற்சியால் வெளியே தெரியவந்தது தமிழ்நாட்டின் மனச்சாட்சியை உறுத்த வேண்டிய சம்பவம். கங்காணியிடமிருந்து தப்பி வந்தவர்களுக்குக் கங்காணியின் முன்பணமே வேறு உருவில் காத்திருந்தது. மண்ணும் மொழியும் ஒன்று என்பதால் மட்டும் ஒரு மனிதன் பத்திரமாக இருந்துவிட மாட்டான். அவனுக்கு அந்த இடத்தில் சாட்சி சொல்ல நாலு பேர் வேண்டும். புதிதாய் வந்தவனுக்கு இல்லாதது அதுதான்.

அந்த மக்களின் கைத்தொழிலை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடுகளும் உண்டு என்பதை நியாயம் கருதிச் சொல்ல வேண்டும். 1968இல் தமிழ்நாடு வனத்துறை நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், 1975இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாகி, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு, நாலாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் தேயிலை பயிரிட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையும் குடியிருப்பும் அளித்தது. டான்டீ என்ற சுருக்கப்பெயரே மலையில் வழங்குகிறது. கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியாவிலும், நிக்கோபாரின் கச்சால் தீவிலும் ரப்பர்த் தோட்டங்கள் நிறுவிச் சில ஆயிரம் குடும்பங்களை அங்கே அமர்த்தினார்கள். ஊர் எது என்று கேளாமல், என்ன வேலை தெரியும் என்று கேட்ட திட்டங்கள் இவை. இன்று அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்தக் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக வாழ்வதை இந்த இடங்களில்தான் காண்கிறோம்.

ஆனால் அந்தத் தேயிலை எந்த மண்ணில் நடப்பட்டது? கூடலூர், பந்தலூர் மலைகளின் காடு அது. பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் தேனும் கிழங்கும் எடுத்து, தங்கள் தெய்வங்களை மரத்தடியில் வைத்திருந்த நிலம். நிலம்பூர்க் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தின் ஜன்ம (பரம்பரை உடைமை) நிலம் பற்றிய வழக்குகள், 1969ஆம் ஆண்டு ஜன்ம ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னும் தீராமல் கிடந்த சூழ்நிலையில், கேரளத்திலிருந்து வந்த குடியேறிகளும் சிலோன்காரரும் சர்க்காரும் ஆளுக்கொரு பக்கம் காட்டைத் திருத்தினார்கள். யானை பழைய வழியே வந்து தேயிலைக்குள் நிற்கிறது. தொழிலாளி அதன் காலில் பட்டுச் சாகிறான். வீடிழந்தவனுக்கு வீடு தந்தபோது, பேச வாயற்ற இன்னொருவனின் வீடு குறுகியது. இதை மறைத்துவிட்டு இந்தக் குடியேற்றத்தை முழு வெற்றி என்று எழுத என் பேனா இடந்தரவில்லை. பணியப் பெண்ணும் சிலோன்காரப் பெண்ணும் இன்று ஒரே நிரையில் கொழுந்தெடுக்கிறார்கள். நான் கண்டவரை இருவருக்குள் பகை இல்லை. அது அந்த இரு பெண்களின் பெருந்தன்மை.

ஒரு குடும்பம் புதிய இடத்தில் வேர் பிடித்துவிட்டது என்பதை எதைக் கொண்டு அறிவது? வேலையும் கூரையும் முதற்படிதான். அதற்கப்பால் நடந்தவை என்னை அதிகம் ஈர்த்தன. வந்த சில ஆண்டுகளில் லய ஓரத்தில் மாரியம்மனுக்கு ஒரு கல் நட்டார்கள். மாசி மாதத்தில் காமன் நட்டு, ரதியும் மதனும் வேடம் புனைந்து, இலங்கைத் தோட்டங்களில் ஆடிய காமன் கூத்தை இங்கும் ஆடினார்கள். ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள் எங்கெங்கோ சிதறிப்போயிருந்தபடியால், ஒருவருக்கு ஒரு பாட்டும் இன்னொருவருக்கு அடுத்த பாட்டுமாக ஞாபகத்திலிருந்து கூட்டிச் சேர்த்தார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். இரவில் இலங்கை வானொலி. காலையில் கோதுமை மாவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், சாயத் தேத்தண்ணியும். 'கோச்சி' (ரயில்), 'காம்பரா', 'இஸ்தோப்பு' என்று பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று வாசலைத் தாண்டியதும் சொல்லை மாற்றிக்கொள்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது பல ஆண்டுகள் சிலோன் குடும்பங்களுக்குள்ளேயே நடந்தது. சாதியைவிட, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று முதலில் விசாரிக்கும் கல்யாணப் பேச்சுகளைப் பற்றி நான் கேட்டிருக்கிறேன்.

எல்லாவற்றினும் கடினமாக இருந்தது காகிதம். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்று, மேற்படிப்புக்குச் சாதிச் சான்று. பிறப்பு நிகழ்ந்தது நாவலப்பிட்டியில், பூர்வீகம் அரியலூரில், வசிப்பது கூடலூரில். எந்த ஊர்த் தாசில்தார் கையெழுத்திடுவது? பூர்வீக ஊரில் போய்க் கேட்டால் உங்களைத் தெரியாது என்கிறார்கள். இருக்கிற ஊரில் கேட்டால் பூர்வீகத்தில் போய்க் கேள் என்கிறார்கள். இந்த அலைச்சலால் உதவித்தொகை இழந்தும் படிப்பை நிறுத்தியும் போன பிள்ளைகள் ஒரு தலைமுறைக்குள் எத்தனை பேரோ! 1983க்குப் பிறகு புதுக்குழப்பம் ஒன்று சேர்ந்தது. இலங்கையின் இனக் கலவரத்துக்குத் தப்பி வந்தவர்களிலும் மலையக வம்சாவளியினர் கணிசமாக இருந்தார்கள். 1984இல் கப்பல் நின்றுபோகவே, கடவுச்சீட்டு கையிலிருந்தும் வர முடியாமல் அங்கே சிக்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆகவே ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் 1978இல் வந்த மூத்தவன் தாயகம் திரும்பிய இந்தியப் பிரஜை. 1984க்குப் பின் படகேறி வந்த இளையவன் முகாமில் பதிவான அகதி. அங்கேயே தங்கிவிட்ட நடுவுள்ளவனுக்கோ 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலோ 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலோ இலங்கைப் பிரஜா உரிமை கிடைத்திருக்கும். மூவருக்கும் பாட்டன் ஒருவனே.

அண்மையில் இந்த மக்களுக்கு இன்னுமொரு கவலை பிறந்திருக்கிறது. தோட்டக் குடியிருப்பு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பது விதி. முதலில் வந்த தலைமுறை முழுதும் ஓய்வு பெற்றுவிட்டது. பிள்ளைகளில் பலர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். கூலி போதாத தோட்ட வேலையை விட்டதற்கு அவர்களைக் குறைசொல்ல நியாயமில்லை. தேயிலைத் தோட்டக் கழகம் நஷ்டத்தில் நடந்ததால் அதன் நிலத்தில் ஒரு பெரும்பகுதியை வனத்துறையிடமே திருப்பிக் கொடுப்பதென 2022இல் சர்க்கார் தீர்மானித்தது. காடு காடாவது நல்லதே. ஆனால் அந்த நிலத்தில் அறுபது வயதில் நிற்கிறவர்களை எங்கே அனுப்புவது என்பதற்கு முதலில் விடை வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு கட்டித்தரும் யோசனைகள் பேசப்படுகின்றன. அவை சமவெளியில் ஏதோ ஒரு ஜில்லாவை நோக்கியதாக இல்லாமல், அவர்கள் இருக்கும் மலையிலேயே, கோயிலுக்கும் பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் நடை தூரத்தில், பட்டாவோடு அமைய வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு முறை பூர்வீகம் பார்த்து அனுப்பியதன் பலனைப் பார்த்தாயிற்று.

நான் போயிருந்த அன்று மூதாட்டியின் பேரன் வீட்டில் இருந்தான். கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. அப்பாயிக்கு வீட்டுமனை கேட்டு மனு எழுதுவதற்காக இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தான். பாரத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு, பூர்வீக ஊர் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "அப்பாயி, இதுல என்ன எழுதறது? துறையூர்னு போட்டுறவா?" என்று கேட்டான். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அட்டையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, "இந்த லயத்து நம்பரை எழுதுப்பா," என்றார். அது ஊர் இல்லையே, எழுதினால் மனுவைத் திருப்பிவிடுவார்களே என்று அவன் சொன்னான். "திருப்பினா மறுபடி எழுதுவோம். அதையே எழுது," என்று சொல்லி, எனக்குத் தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குப் போனார்.